பெரிய எண்ணை உடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய எண்களின் பகாக் காரணிகளைத் தேடப் புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே பள்ளங்களில் விழுகிறார்கள். 1ஐப் பகா எண் என்று கொள்வது, 2ஐச் சோதிக்க மறப்பது போன்றவை உடனே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

எடுத்துக்காட்டுக்கு ஃபெர்மா எண்களில் (2ⁿ + 1 வடிவில், n 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்பவை) ஒன்றான 2¹²⁸ + 1ஐ எடுத்துக்கொள்வோம். 39 இலக்கம்:

340282366920938463463374607431768211457

இதற்கு இரண்டே பகாக் காரணிகள்: 59649589127497217, 5704689200685129054721.

எண்ணின் வடிவத்தைப் பார்க்காமல் வகுக்கத் தொடங்குவது

இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 512இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். விநாடிக்கு 1 கோடி வகுத்தல் என்று வைத்துக்கொண்டால், ஒற்றை எண்களை எல்லாம் சோதித்துச் சிறிய காரணியை எட்ட 94 ஆண்டுக்கு மேல் ஆகும். 512 வீதம் தாண்டினால் ஏறத்தாழ 135 நாள். 2³² + 1க்கு இந்தத் தாண்டல் 128. ஃபெர்மா பகா எண் என்று நம்பிய அதை 1732இல் ஆய்லர் உடைத்த 641, 128 × 5 + 1தான்.

2ஐ அடியாக வைத்துப் பகாச் சோதனை செய்வது

2ⁿ⁻¹ஐ nஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை; வந்தால் n பகா எண்ணாக இருக்கலாம். ஃபெர்மா எண்கள் அத்தனையும் இதில் தேறிவிடும், பகு எண்ணாக இருந்தாலும். 3ஐ வையுங்கள்.

ஒற்றைச் சாய்கோட்டால் வகுப்பது

இவ்வளவு எழுதப்பட்ட பிறகும் குறையாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. பைத்தான் நிரல்மொழியில் முழு எண்கள் எவ்வளவு நீளமானாலும் துல்லியமாக இருக்கும் என்று படித்துவிட்டு நிம்மதியாக எழுதுகிறார்கள். சிறிய காரணி கிடைத்ததும் எண்ணை அதனால் வகுத்து மீதிப் பகுதியைத் தொடர வேண்டும். அந்த இடத்தில் // போடாமல் / போட்டால் விடை தசம எண்ணாக மாறிவிடும். தசம எண்ணில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. 2⁵³, அதாவது 9007199254740992ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களும் அதில் அடங்காது.

நம் எண்ணில் என்ன நடக்கும்? திரையில் 5.704689200685129 × 10²¹ என்று வரும். பார்த்தால் சரிதான். அதை மறுபடி முழு எண்ணாக மாற்றினால் 5704689200685128876032. உண்மை விடையைவிட 178689 குறைவு, அதுவும் இரட்டை எண். நிரல் தயங்காமல் 2ஆல் இருபது முறை வகுத்து, இருபதையும் காரணி என்று அச்சிடும். ஒற்றை எண்ணுக்கு 2 எப்படிக் காரணியாகும் என்று அங்கேயே நிற்க வேண்டும். இங்கே 2 வந்ததால் கண்ணில் படுகிறது. பட்டியலின் தலைப்பகுதியைப் பார்க்காமல் இரவு முழுக்க ஓடவிட்டால், உடைந்துகொண்டிருப்பது வேறு ஏதோ ஓர் எண்.

தற்காப்பு இரண்டு வரிதான். வகுத்ததும் விடையைக் காரணியால் பெருக்கி, மூல எண்ணோடு ஒப்பிடுங்கள்; பொருந்தாவிட்டால் நிரல் நிற்கட்டும். கையால் பார்ப்பதென்றால் கடைசி இலக்கமே போதும்: 7 × 1 = 7 பொருந்துகிறது, 7 × 2 = 14 பொருந்தவில்லை. வர்க்கமூலத்திலும் இதே ஆபத்து உண்டு, பைத்தான் 3.8 முதல் முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனிச் சார்பு இருக்கிறது.

எண்ணை எக்செல்லில் ஒட்டுவது

15 இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் சுழியம். உரையாகச் சேமியுங்கள்.

பொல்லார்டு ரோ முறையில் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) மூல எண்ணாகவே வருவது

இந்த முறையில் x² + c என்ற வாய்பாட்டால் எண்களை ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கி, அவற்றின் வேறுபாட்டுக்கும் மூல எண்ணுக்கும் மீ.பொ.வ. பார்த்துக் காரணி தேடுவோம். அது மூல எண்ணாகவே வந்தால் "அப்படியானால் பகா எண்" என்று முடிவு கட்டாதீர்கள். நேரம் மிச்சப்படுத்த நூறு வேறுபாடுகளைப் பெருக்கி ஒரே முறை மீ.பொ.வ. பார்த்திருப்பீர்கள், அந்தக் கட்டுக்குள் எல்லாக் காரணிகளும் சேர்ந்தே அகப்பட்டிருக்கும். கட்டின் தொடக்கத்துக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் மாறிலி cஐ மாற்றுங்கள். 0, −2 இரண்டும் ஆகாது.

பகு எண் என்று தெரிந்ததும் காரணி அருகில் இருப்பதாக நினைப்பது

2¹²⁸ + 1 பகு எண் என்று மோர்ஹெட்டும் வெஸ்டர்னும் 1905இலேயே காட்டிவிட்டார்கள், ஒரு காரணிகூடக் கையில் இல்லாமல். மோரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர் பின்ன முறையில் அதை உடைத்தது 1970இல்.

மிஞ்சிய பகுதியைச் சோதிக்காமல் விடுவது

காரணிகளை எடுத்தபின் மிஞ்சுவது பகா எண்ணா என்று தனியே சோதிக்க வேண்டும். 2⁴⁰⁹⁶ + 1இல் ஆறு பகாக் காரணிகளை எடுத்த பிறகும் மிஞ்சுவது பகு எண்தான்.