கேம்பர் வேனுக்கு டயர் மாற்றுகிறீர்களா? பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இங்கிலாந்தில் கேம்பர் வேன், அதாவது படுக்கை, அடுப்பு வைத்த சுற்றுலா வண்டி, வைத்திருக்கும் நம் ஆட்கள் குளிர் விட்டதும் வண்டியை வெளியே எடுக்கும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பட்டன் நல்லாத்தானே இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்ல?" பட்டன் என்றால் டயரில் தரையைத் தொடுகிற மேடு. காருக்கு இந்தக் கேள்வி சரி. தினமும் ஓடுகிற காரில் டயர் கிழடாவதற்கு முன்பே பட்டன் தேய்ந்துவிடும். கேம்பர் வேன் அப்படியில்லை. வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் மைல் ஓடினாலே அதிகம், மீதி நாளெல்லாம் வீட்டு வாசலில் முழுச் சுமையோடு ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் பட்டன் அப்படியே இருக்கும், உள்ளே ரப்பர் செத்துப்போயிருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் டயர் வாங்கப் போனால் அடுத்து எடுக்கிற முடிவெல்லாம் கோணலாகத்தான் போகும்.

என் வண்டி ஃபியட் டுகாட்டோ அடித்தளத்தில் கட்டியது, 2022-இல் பழையதாக வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, டயரில் ஆறு மில்லிமீட்டர் பட்டன் இருக்கிறது என்றார், அளந்தேன், இருந்தது. டயர் தயாரான தேதியை மட்டும் வெளிப்பக்கச் சுவரில் காணோம். டாட் என்று தொடங்கும் எண் வரிசையின் கடைசி நாலு இலக்கம்தான் தேதி, ஆனால் பல டயர்களில் அந்த முழு வரிசை ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும், மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் படுத்து, சேற்றைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். 2311. அதாவது 2011-ஆம் வருடத்தின் 23-வது வாரம். பதினோரு வயது டயர். ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பரில் முடி முடியாக வெடிப்பு விரிந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. நின்று பார்த்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. நாலையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றினேன்.

நிற்கிற டயர் ஏன் கெடுகிறது? ரப்பரில் வெயிலையும் ஓசோனையும் தாங்குவதற்காக மெழுகு மாதிரியான பொருட்களைக் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு சுவர் வளைந்து நிமிரும்போதுதான் அது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பு போலப் படியும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்தக் கசிவு குறைந்துவிடும், சுவர் காய்ந்து வெடிக்கும். கூடவே தரையில் படுகிற இடம் தட்டையாகி, கிளம்பிய முதல் சில மைல்களுக்கு ஸ்டியரிங் தடதடக்கும்.

எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, அதனால் டயர் சரி என்று நினைப்பது அடுத்த தவறு. அங்கே பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, வெட்டு வீக்கம் உண்டா என்றுதான் பார்ப்பார்கள், வயது அதிகம் என்பதற்காக மட்டும் கேம்பர் வேன் டயரை நிராகரிக்க மாட்டார்கள். 2012 செப்டம்பரில் இசை விழா முடிந்து திரும்பிய கோச் (தொலைதூரப் பஸ்) ஒன்று சர்ரியில் ஏ3 சாலையில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரின் வயது பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. டயர் வயதைப் பற்றி அப்போது சட்டமே கிடையாது. அதில் மகனை இழந்த ஒரு தாய் வருடக்கணக்கில் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ், கோச்சுகளின் முன் ஆக்சிலிலும் (அச்சிலும்), மினிபஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயருக்குத் தடை வந்தது. கேம்பர் வேன் அந்தப் பட்டியலில் இல்லை. அதை நம் கையில்தான் விட்டிருக்கிறார்கள். இங்கே கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை ஐந்து வருடத்தில் மாற்ற யோசியுங்கள், ஏழு வருடத்தைத் தாண்டாதீர்கள் என்பது. நான் என் கேம்பருக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

புது டயர் வாங்கும்போதும் இதே தேதிதான். கடையில் "புதுசு" என்றால் இதுவரை யாரும் ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம், போன மாதம் செய்தது என்று அர்த்தமில்லை. கேம்பர் டயர் வேகமாக விற்கிற சரக்கு அல்ல, கிடங்கில் இரண்டு மூன்று வருடம் கிடந்தது வந்து சேரலாம். ஆறு ஏழு வருடத்தில் தூக்கிப் போடப்போகிற பொருளில் மூன்று வருடம் முன்கூட்டியே போனால் அது நம் காசு. பணம் கட்டுவதற்கு முன் போனிலேயே கேளுங்கள், மாட்டுவதற்கு முன் நாலு டயரிலும் எண்ணைப் பாருங்கள்.

சரி, இப்போது எல்லோரும் சறுக்குகிற இடத்துக்கு வருவோம், எடை. கடைக்குப் போய் 225/75 ஆர் 16 வேண்டும் என்று அளவை மட்டும் சொல்கிறோம். அளவு சக்கரத்தில் உட்காருமா என்பதைச் சொல்லும், சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்லாது. அதற்குப் பின்னால் வருகிற எண்தான் சுமைக் குறியீடு. ஒரு டயருக்கு 109 என்றால் 1030 கிலோ, 112 என்றால் 1120, 116 என்றால் 1250, 118 என்றால் 1320. சில வேன் டயரில் 116/114 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொரு டயருக்கும். வண்டியின் தகட்டில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். பின் ஆக்சிலுக்கு 2400 கிலோ என்று இருந்தால் ஒரு டயருக்குப் பாதி, 1200, அப்போது 112 போட்ட டயர் அளவில் கச்சிதமாகப் பொருந்தினாலும் அந்த வண்டிக்கு ஆகாது. கூரியர் வேனில் ஓடுகிற டயர் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது இந்த எண்ணில்தான் ஏமாறுகிறோம். கூரியர் வேன் சாயங்காலம் காலியாகத் திரும்பும். நம் வண்டியில் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ராத்திரி பகல் அதே டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது.

தகட்டில் போட்டிருப்பது அனுமதித்த எடை. உங்கள் வண்டி நிஜமாக எவ்வளவு இருக்கிறது என்பது எடை மேடையில் ஏற்றினால்தான் தெரியும். டூருக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே, தண்ணீர், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள். முன் சக்கரம் மட்டும், அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். ஒரு குடும்பத்து வண்டியை இப்படி ஏற்றிப் பார்த்தபோது மொத்த எடை அனுமதித்த 3500 கிலோவுக்குள்தான் இருந்தது, பின் ஆக்சில் மட்டும் அனுமதித்த 2000-ஐத் தாண்டியிருந்தது. காரணம் பின்னால் தொங்கிய சைக்கிள் ஸ்டாண்டு. ஸ்டாண்டும் இரண்டு மின்சார சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ, பின் ஆக்சிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் தொங்குகிறது, இரண்டு ஆக்சிலுக்கும் இடையே நாலு மீட்டர் என்று வையுங்கள். ஏற்றம் இறைப்பது மாதிரிதான், பின் ஆக்சிலில் 60 அல்ல, 90 கிலோ கூடும், முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். டயரைப் பற்றிப் பேசப் போய் சைக்கிளை இறக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது டயரில் எழுதியிருக்கிற சி, சிபி எழுத்துக் குழப்பம். சி என்பது சரக்கு வேன் டயர். சிபி என்பது கேம்பருக்கென்றே செய்தது, நீண்ட நாள் சுமையோடு நிற்பதற்குச் சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள், பின் ஆக்சிலில் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ. காற்று தாங்கும். மிஷலின், கான்டினென்டல், பிரெல்லி எல்லாரும் செய்கிறார்கள். சிபி போடாவிட்டால் சட்ட விரோதம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், இங்கே அப்படி இல்லை. சுமைக் குறியீடு போதுமானதாக இருக்கிற சி டயர் போடலாம். என்னைக் கேட்டால், எடை மேடையில் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு சிபி, நிறைய இடம் மிச்சமிருக்கிற சின்ன வண்டிக்கு நல்ல சி. ஆனால் மாற்றிப் போட்டால் காற்றும் மாறும். கதவோரத் தகட்டில் சிபிக்கென்று எழுதியிருக்கிற 5.5-ஐ அப்படியே சி டயரில் ஏற்றிவிடக் கூடாது, டயர் நிறுவனத்தின் அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடைக்கு என்ன என்று பார்த்து ஏற்றுங்கள். அதற்கும் அந்த எடை மேடைச் சீட்டுதான் வேண்டும்.

காற்று என்றதும் வால்வு. நாலு டயருக்கு அறுநூறு பவுண்டு கொடுத்துவிட்டு வால்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வருவோம். காருக்குப் போடுகிற சாதாரண ரப்பர் வால்வின் எல்லை 65 பி.எஸ்.ஐ. அதில் 80 ஏற்றினால் அடிப்பகுதி வெட்டுப்பட்டு ஓடும்போதே காற்று போகும். உலோக வால்வு போடுங்கள் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். என் வண்டிக்கு முதல் தடவை மாட்டிய கடையில் கார் வால்வைத்தான் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து காற்று பார்க்கும்போது தண்டை லேசாக வளைத்தேன், அடியில் புஸ் என்று சத்தம். நாலையும் திரும்பக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது.

வோக்ஸ்வாகன் டி5, டி6 வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெரிய அலாய் வீல் அழகுதான். அதில் உட்காருகிற அகல டயர் பெரும்பாலும் கார் வகை, சுமைக் குறியீடு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். வீல், டயர் இரண்டின் தாங்கும் எடையையும் பாருங்கள். பழைய வண்டியாக வாங்கும்போது முந்தைய உரிமையாளர் போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கோடை டயரா, எல்லாப் பருவ டயரா? டுகாட்டோ மாதிரி முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் சுமையெல்லாம் பின்னால், முன்பக்கம் லேசு. கேம்ப்சைட்டில் ராத்திரி மழை பெய்து காலையில் புல்லிலிருந்து கிளம்பப் பார்த்தால் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், டிராக்டர் வந்து இழுக்கும். எல்லாப் பருவ டயர் போட்ட பிறகு எனக்கு அந்த நிலை குறைந்தது, அதனால் இங்கிலாந்து மழைக்கு அதைத்தான் சொல்வேன். பனிக்காலத்தில் ஐரோப்பா போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல சிபி டயர்களில் எம்+எஸ் (சேறு, பனி) குறி இருக்கும், மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் வரைந்த குறி இருக்காது. ஜெர்மனியில் சாலையில் பனியோ ஐஸோ இருக்கும்போது 2024 அக்டோபர் 1 முதல் அந்த மலைக்குறி உள்ள டயர்தான் செல்லும், எம்+எஸ் மட்டும் போதாது. பிரான்ஸின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைக்குறி டயரோ, சங்கிலியோ வண்டியில் இருக்க வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா என்றால், நாலும் ஒரே வயது என்றால் நாலையும் மாற்றுங்கள், கேம்பரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆணி குத்தி ஒன்றிரண்டு மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவை பின்னால் போகட்டும். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டி முடித்ததும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். அப்படியே தரைக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள். பலர் வண்டி வாங்கியதிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். என்னுடையதை இறக்கவே அரை மணி நேரம் ஆனது, கம்பியெல்லாம் துரு, பட்டனில் புது டயரின் ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன, தேதி 1911, காற்று 20 பி.எஸ்.ஐ. ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் பசை கொடுத்திருந்தால் அந்தப் புட்டியிலும் காலாவதித் தேதி இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.