சிறுகதை நயம்: முதலில் கதை, பெயர் கடைசியில்

கொழும்பில் இலக்கிய நயம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தால் உவமை, உருவகம், படிமம், குறியீடு, அங்கதம் என்று ஒரு பட்டியல், பக்கத்தில் வரைவிலக்கணம். ரியூஷனில் எழுதிக் கொடுத்தது. அதைப் பாடமாக்கிவிட்டுக் கதைக்குப் போனால் எல்லா வரியிலும் எல்லா உத்தியும் இருப்பது போலத் தெரியும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. தலைகீழாகப் போய்ப் பாருங்கள்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவேண்டாம். இரண்டாம் வாசிப்பில் எங்கே சிரிப்பு வந்தது, எங்கே கொஞ்சம் நின்றீர்கள், எங்கே எழுத்தாளர் மேல் எரிச்சல் வந்தது (வரும்), அங்கெல்லாம் கோடு போடுங்கள். அப்புறம் அந்த இடத்தில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று சாதாரணப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கதையில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: ‘கோழிக்கறி எனக்கும் தங்கச்சிக்கும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு அன்றைக்கும் பசிக்கவில்லையாம்.’ சொல்வது சின்னப் பையன். அவனுக்கு விளங்காதது நமக்கு விளங்குகிறது. வறுமை, தியாகம் என்று ஒரு சொல்லும் இல்லாமல், அம்மா சொன்னதை அவன் அப்படியே நம்பி ஒப்புவிப்பதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. சரி, இப்போது பெயர் வைக்கலாம். கதை பையனின் நோக்குநிலையில் போகிறது, அவனுக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் இடையில் முரண்நகை பிறக்கிறது. இதையே அம்மா சொல்வதாக மாற்றி நாலு வரி எழுதிப் பாருங்கள், அனேகமாக ஒப்பாரியாகிவிடும். நோக்குநிலை பிடிபட இதைவிடச் சுருக்கமான பயிற்சி எனக்குத் தெரியாது.

குறியீட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். மழை பெய்தால் சோகம், காகம் கரைந்தால் சாவு என்று எழுதித் தள்ளுவார்கள். ஒரு பொருள் கதையில் திரும்பத் திரும்ப வந்து, வரவர அதன் மேல் பாரம் ஏறினால் குறியீடு என்று யோசிக்கலாம். ஒரு தரம் வந்து கண்முன்னே நின்றுவிட்டுப் போனால் படிமம் என்று சொன்னாலே போதும். அங்கதத்தையும் முரண்நகையையும் போட்டுக் குழப்பவேண்டாம்: அங்கதம் கேலியால் அடிப்பது, அதற்கு அடிவாங்க ஒரு ஆள் அல்லது ஒரு சமூகம் வேண்டும். வெளிப்படையாக அடிப்பது, மறைத்து அடிப்பது என்று தொல்காப்பியமே அதை இரண்டாகப் பிரித்துவிட்டது.

சொற்கள் வேறு சங்கதி. வெள்ளவத்தை மாடிவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணக் கதையில் படலையும் (வேலி வாசல் கதவு) கடகமும் (பனையோலைப் பெட்டி) தடுக்கும், மலையகக் கதையில் லயமும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பிரட்டும் (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது). க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுங்கள், அதில் இலங்கை வழக்குச் சொற்களைத் தனியே குறித்திருக்கிறார்கள். அதிலும் இல்லாவிட்டால் அம்மம்மாவைக் கேளுங்கள். சொல்லை மட்டும் எழுதி வைக்காமல் அது வந்த வசனத்தோடு எழுதி வையுங்கள்.

வாசிக்கக் கதைகள் வேண்டுமென்றால் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டை விட்டு இறங்கப் பஞ்சியாக இருந்தால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் 1966இல் தொடங்கிய மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களை இலவசமாகவே வாசிக்கலாம்.

விடை எழுதும்போது ‘ஆசிரியர் உவமையைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்’ என்ற வசனம் கை தானாக எழுதிவிடும். எந்தக் கதைக்கும் பொருந்துகிற வசனம் அது, வெட்டிவிடுங்கள். எந்த வரி, அது அந்த இடத்தில் வாசகனை என்ன செய்கிறது, அந்த வரியை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும், இந்த மூன்றையும் எழுதிவிட்டு உத்தியின் பெயரைப் போடுங்கள்.