கேத்தரின் ராணி வேஷத்துக்கு நடிகை தேடுகிறவர்களுக்கு

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் அரசவைக் கதையைத் தமிழில் மேடையேற்ற வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நாடகக் குழுக்களில் யாராவது கிளம்பினால், முதலில் ராஜாவுக்குத்தான் ஆள் பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது அவருடைய முதல் மனைவி கேத்தரினை. அந்த வேஷத்தை முடிவு செய்யாமல் மற்ற வேஷங்களைப் பிரிக்கக் கூடாது என்பது என் கட்சி.

வயதை முதலில் முடிவு செய்யுங்கள். நாடகத்தின் உயிர்க் காட்சி 1529 ஜூன் 21 அன்று லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தில் நடந்தது. கல்யாணமே செல்லாது என்று ராஜா போட்ட வழக்கு. அன்று கேத்தரினுக்கு 43 வயது. ஹென்றிக்கு 38கூட நிறையவில்லை. ஓவியங்களில் பார்த்த பருத்த ராஜா பிற்கால ஹென்றி. ராணியைவிட இளையவனாக, குதிரையேறிப் பழகிய உடம்போடு ஒருவனை நிறுத்துங்கள். கதாநாயகிக்கு வயது கூடுதலா என்று கமிட்டியில் முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், அந்த வயது வித்தியாசத்தில்தான் கதையின் வலி இருக்கிறது.

நன்றாக அழுகிற நடிகை வேண்டாம். 1513-ல் ஹென்றி பிரான்சில் போரிட்டபோது இங்கிலாந்தை ஆண்டவர் கேத்தரின். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் ஃப்ளாடன் போரில் விழுந்தது அவர் பொறுப்பில் இருந்த நாட்களில்தான். கோவில் காவடிக்குச் சமையற்கட்டை நடத்திய அக்காமாரைப் பாருங்கள். குரலை உயர்த்தாமலே கூடத்தை அடக்குவார்கள். மேடை அனுபவத்தோடு அந்தக் கம்பீரமும் உள்ளவர்தான் நமக்கு வேண்டியவர்.

மூத்த நடிகையை வாட்ஸ்அப்பில் ‘ஆடிஷனுக்கு வாங்க’ என்று கூப்பிடுவது மரியாதையில்லை. வீட்டுக்குப் போங்கள். அவர் காட்சிகளை மட்டும் கிழித்துக் கொடுக்காமல் முழு நாடகத்தையும் கொடுங்கள். நம்மில் பலருக்குத் தமிழ் நாவில் உண்டு, எழுத்துக் கூட்ட வராது. அதனால் தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டு பிரதி கொண்டுபோங்கள். “எது வசதி, அக்கா?” என்று கேட்டுவிட்டால் போதும். வேஷத்தை விளக்க வரலாற்றுப் பாடம் தேவையில்லை. துரோபதை சபையில் நின்று கேட்டாளே, அந்த இடம் என்று சொல்லுங்கள். தீமிதி பார்த்து வளர்ந்தவருக்கு மீதி தானாகப் புரியும்.

பிறகு யாராவது ஹென்றியின் வசனத்தை வாசிக்கட்டும், அவர் கேட்கட்டும். நீங்கள் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். தன் வசனம் எப்போது வரும் என்று காகிதத்தைத் தேடுகிறாரா, பேசுகிறவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அரசவை நாடகத்தில் ராணி பேசுவதைவிடக் கேட்பது அதிகம்.

அவருடைய தமிழ் மற்றவர்கள் பேசுவதுபோல இல்லையே என்று தயங்காதீர்கள். கேத்தரின் ஸ்பெயினிலிருந்து வந்தவர். கடைசிவரை அவர் பேச்சில் அந்த நாட்டு வாசனை இருந்தது. பாட்டியிடம் கேட்டுப் பழகிய பழைய தமிழோ, யாழ்ப்பாணத்துத் தமிழோ இருந்தால் அப்படியே விடுங்கள். திருத்தவே கூடாது.

இனி முக்கியமானது, மண்டியிடுவது. பெயரைக் கூப்பிட்டதும் கேத்தரின் நீதிபதிகளுக்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து, கூட்டத்தைச் சுற்றி வந்து, ஹென்றியின் காலடியில் மண்டியிட்டுப் பேசினார். பேசி முடித்து எழுந்து வெளியே நடந்தார். திரும்ப அழைத்தும் வரவில்லை. இதில் சிரமம் எழுந்திருப்பதுதான். பாவாடை விளிம்பு முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் உடம்பு முன்னால் சாயும், கை தரையைத் தேடும், பார்ப்பவர்களுக்குப் பரிதாபம் வந்துவிடும். கீழே போகும்போதே முன்விளிம்பை விரலால் சற்றுத் தூக்கிவிட்டு, ஒரு கால் விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டால் முதுகு வளையாமல் எழலாம். முழங்கால் வலி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இருந்தால் வழி இருக்கிறது: அன்று கேத்தரின் வெளியேறியது கிரிஃபித் என்ற தன் அதிகாரியின் கையைப் பற்றித்தான். அந்தச் சின்ன வேஷத்துக்குத் திடமான ஒருவரைப் போட்டு, எழும்போதே கை கொடுக்கச் செய்யலாம்.

வளையம் வைத்த பாவாடையை முதல் வார ஒத்திகையிலேயே கட்டிவிடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயை வளைத்துத் தைத்தால் போதும். 1501-ல் அந்தப் பாணியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததே கேத்தரினின் கூட்டம்தான். மேலாடைக்குப் பழைய காஞ்சிபுரம் புடவை அருமையாக உட்காரும். ஜரிகைக்கரை கிரே ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்கும். கழுத்தைச் சுற்றி விசிறிபோல் நிற்கும் மடிப்புக் காலர் மட்டும் வேண்டாம். அது பிறகு வந்த முதலாம் எலிசபெத் ராணியின் காலம்.

சம்பளம் எத்தனை ராண்ட் என்பதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். புரட்டாசி விரதம், தைப்பூசக் காவடி நாட்களில் ஒத்திகை வைக்காதீர்கள். இரவு ஒத்திகை முடிந்ததும் யார் காரில் அவரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவது என்பதைத் தேதிவாரியாக எழுதி, அவர் மகளிடமோ மருமகளிடமோ ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.