கச்சானுக்குத் தப்பிய மிளகாய்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்கக் கடல்மணல். வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று கிளம்பினால், காலையில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் மத்தியானத்துக்குள் இருந்த இடம் தெரியாது. மிளகாய்ச் செடி பூவைப் பூவாகவே கொட்டும்.

பசளையைக் கூட்டச் சொன்னார்கள் பலர். வெறும் மணலில் அது நிற்கவா போகிறது? பக்கத்து வளவு ஆச்சி சொன்னது வேறு: பாத்திக்கு அடியில் பொச்சுமட்டை, அதாவது தேங்காயின் நார்மட்டை. ஒன்றரை அடி தோண்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி மட்டைகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து மூடினேன். மட்டையை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும்; காய்ந்த மட்டை செடிக்கு முந்தித் தானே குடித்துவிடும். காற்று வரும் தென்மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி கட்டினேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். ஓரத்து மண்ணை விலக்கினால், ஈர நாருக்குள் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடக்கின்றன.

மாரியில் கதை வேறு. ஐப்பசி மழை இறங்கினால் அதே மட்டை நீரைத் தேக்கி வேரை அழுகவைக்கும். ஆகவே புரட்டாசியிலேயே பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிடுகிறேன். அடைமழைக்கு மிளகாயை நம்புவதில்லை. பள்ளத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் போதும், அவை கேட்காமலே தழைக்கும்.