‘கு’வை நம்பி ரயில் ஏறாதீர்கள்: ஜெர்மனில் பயணம் பேசும் வழி

ஜெர்மனியின் உல்ம் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஊருக்குப் போக லீவு கேட்டேன். “இஹ் கேயெ இம் டெட்செம்பர் நாஹ் இண்டியன்” என்றேன், டிசம்பரில் இந்தியாவுக்குப் போகிறேன் என்று நினைத்து. வார்டு பொறுப்பாளர் தாளிலிருந்து நிமிர்ந்து, “த்ஸு ஃபூஸ்?” என்றார். நடந்தேவா?

லீவு கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம். பையில் பி2 என்ற ஜெர்மன் மொழித்தேர்வுச் சான்றிதழ் வைத்திருந்தவள் நான். ஆனால் ‘போகிறேன்’ என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்த லீவுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பயணத்துக்குத் தேவையான ஜெர்மனை மட்டும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகினேன். அதிலிருந்துதான் இதை எடுத்து எழுதுகிறேன். உச்சரிப்பு காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியது. ‘இஹ்’ என்று நான் எழுதுவதை எந்த ஜெர்மானியரும் அப்படியே சொல்வதில்லை.

முதலில் வினைச்சொல். நமக்கு ‘போ’ ஒன்று போதும். சந்தைக்கும் போவோம், சிங்கப்பூருக்கும் போவோம். ஜெர்மனில் எப்படிப் போகிறோம் என்பதையும் வினைச்சொல்லே சொல்லிவிடும். காலால் போனால் கேயன். சக்கரம் உருண்டால் ஃபாரன், அது பஸ்ஸோ ரயிலோ சைக்கிளோ. கப்பலுக்கும் ஃபாரன்தான். பறந்தால் ஃப்லீகன். ‘இஹ் கேயெ நாஹ் இண்டியன்’ என்றால் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து போகிறேன் என்று பொருள்படும், அல்லது என் பொறுப்பாளர் போல யாராவது கிண்டல் செய்வார்கள். ஃபாரன் ஆள் மாறினால் உயிரெழுத்தும் மாறும்: இஹ் ஃபாரெ, டூ ஃபேர்ஸ்ட், ஏர் ஃபேர்ட். இந்த மூன்றையும் வாய் வலிக்கச் சொல்லிப் பழகுங்கள். ஏன் என்று பிறகு ஒரு பிளாட்பாரக் கதையில் வரும்.

அடுத்தது வேற்றுமை. “ஐ, ஆல், கு, இன், அது, கண்” என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக ஒப்பித்தவர்களுக்கு ஜெர்மன் எளிது என்று சொல்வார்கள். எட்டு வேற்றுமையைப் பார்த்தவனுக்கு ஜெர்மனின் நான்கு என்ன பெரிய விஷயம்? நானும் நம்பினேன். பாதி சரி.

அக்குஸாட்டிஃப் நம் இரண்டாம் வேற்றுமை, ‘ஐ’. டாட்டிஃப் நம் நான்காம் வேற்றுமை, ‘கு’. கெனிட்டிஃப் ஆறாவது, ‘அது’. நாமினாட்டிஃப் எழுவாய். தோழிக்குப் பரிசு கொடுக்கிறேன், ரயிலைப் பார்க்கிறேன் என்று சொல்லும்வரை இந்தக் கணக்கு அச்சு அசலாக வேலை செய்யும். பயணம் என்று வந்தவுடன் கவிழ்ந்துவிடும். ‘நகரத்துக்குப் போகிறேன்’ என்பதில் ‘கு’ இருக்கிறதே என்று டாட்டிஃப் போட்டு, ‘இன் டேர் ஷ்டாட்’ என்பேன். அதற்கு ‘நகரத்தில்’ என்றுதான் பொருள். போகும்போது ‘இன் டீ ஷ்டாட்’, அக்குஸாட்டிஃப். நகரத்துக்குள் இருக்கும்போதுதான் டாட்டிஃப். நம் கணக்குக்கு நேர் தலைகீழ்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம் இது: நம் பக்கம் ஆல்/ஓடு, கு, இன், கண் என்று நான்கு பேர் பிரித்துப் பார்க்கும் வேலையை அங்கே டாட்டிஃப் ஒருவரே இழுத்துப் போட்டுச் செய்கிறார். ரயிலில் போகிறேன், தோழியோடு போகிறேன், சென்னையிலிருந்து வருகிறேன், ஏரிக்கரையில் இருக்கிறேன், எல்லாம் அவர் பொறுப்பு. அத்தனை வேலைக்கு நடுவே ‘இடத்துக்குள் போவது’ என்ற ஒன்றை மட்டும் அக்குஸாட்டிஃபிடம் தள்ளிவிட்டார்.

அதனால் வேற்றுமை எண்ணை மறந்துவிட்டு, கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வியிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் “எங்கே போறே?” என்போம், “எங்கே இருக்கே?” என்றும் கேட்போம். இரண்டுக்கும் ஒரே ‘எங்கே’. ஜெர்மனில் போவதற்கு ‘வோஹின்’, இருப்பதற்கு ‘வோ’, வருவதற்கு ‘வோஹேர்’. ஆகவே தமிழில் பதிலைச் சொல்லிப் பாருங்கள். பதிலில் ‘க்கு’ வந்தால் வோஹின், ‘இல்’ வந்தால் வோ, ‘இலிருந்து’ வந்தால் வோஹேர்.

இந்தக் கேள்வி பயன்படுவது ஒன்பது முன்னிடைச்சொற்களுக்கு மட்டும்: அன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், ஊபர், உன்டர், ஃபோர், த்ஸ்விஷன். இவை வோஹினுக்கு அக்குஸாட்டிஃப், வோவுக்கு டாட்டிஃப். மற்றவை பிடிவாதக்காரர்கள். மிட், நாஹ், ஃபொன், த்ஸு, அவுஸ், பை, ஸைட் எப்போதும் டாட்டிஃப். டுர்ஹ், ஃபூர், கேகன், ஓனெ, உம் எப்போதும் அக்குஸாட்டிஃப். இவர்களிடம் போவதா இருப்பதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டியலாகப் படித்தால் மறுநாளே மறந்துவிடும். ஒரு பயணத்தோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். எனக்கு வாய்த்தது உல்மிலிருந்து தெற்கே போடன்ஸே ஏரி வரை போகும் ரயில் பாதை. பீபெராஹ், ராவன்ஸ்பூர்க் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட்-டிக்கெட் 2026 ஜனவரியில் 63 யூரோ ஆகிவிட்டது. ஆனாலும் கையில் அது இருந்தால் உள்ளூர் ரயில்களில் மாதம் முழுக்க இலக்கணம் படிக்கலாம்.

‘இஹ் ஃபாரெ மிட் டேம் த்ஸூக் நாஹ் ஃப்ரீட்ரிஹ்ஸ்ஹாஃபன்’, ஏரிக்கரை ஊரான ஃப்ரீட்ரிஹ்ஸ்ஹாஃபனுக்கு ரயிலில் போகிறேன். ரயில், டேர் த்ஸூக், ஆண்பால். மிட் வந்ததால் டேர் என்பது டேம் ஆயிற்று. ஊர்ப்பெயருக்கும், ஆர்ட்டிகிள் (பெயருக்கு முன்னால் வரும் டேர், டீ மாதிரிச் சொல்) இல்லாத நாட்டுப் பெயருக்கும் நாஹ்: நாஹ் பெர்லின், நாஹ் இண்டியன், நாஹ் ஸ்ரீலங்கா. ஏரிக்கு நாஹ் கிடையாது. ‘இஹ் ஃபாரெ அன் டேன் போடன்ஸே’, ஏரிக்கரைக்குப் போகிறேன். போய் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு போன் செய்தால் ‘இஹ் பின் அம் போடன்ஸே’. அன்னும் டேமும் சேர்ந்து அம்.

இங்கே ஒரு பொறி. டேர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். அதனால் வட கடலுக்குப் போனால் ‘அன் டீ நோர்ட்ஸே’. ஒரு ஆர்ட்டிகிளில் ஏரி கடலாகிவிடும்.

ஃப்ரீட்ரிஹ்ஸ்ஹாஃபனில் இறங்கினால் எதிர்க்கரை ஸ்விட்சர்லாந்து. ரோமன்ஸ்ஹோர்னுக்குப் படகு உண்டு, முக்கால் மணி நேரப் பயணம். காரையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு அது. ‘மிட் டேர் ஃபேரெ இன் டீ ஷ்வைத்ஸ்’, படகில் ஸ்விட்சர்லாந்துக்கு. ஸ்விட்சர்லாந்துக்கு ஆர்ட்டிகிள் உண்டு, பெண்பால். அதனால் நாஹ் செல்லாது. போகும்போது இன் டீ ஷ்வைத்ஸ், அங்கே இருக்கும்போது இன் டேர் ஷ்வைத்ஸ், திரும்பும்போது அவுஸ் டேர் ஷ்வைத்ஸ். துருக்கியும் இதே ஜாதி, இன் டீ டுர்க்கை. பெண்பால் டீ, டாட்டிஃபில் டேர் ஆவதைப் பார்த்து ஆண்பால் என்று குழம்பாதவர் யாரும் இல்லை. நான் அந்தப் படகின் மேல்தளத்தில் நின்று மூன்று வடிவத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

ஆட்களிடம் போவதற்கு த்ஸு. டாக்டரிடம் போகிறேன், த்ஸும் ஆர்ட்ஸ்ட். தோழி வீட்டுக்கு, த்ஸு மைனர் ஃப்ராய்ண்டின். நாம் ஆளுக்கு ‘இடம்’ போடுகிற மாதிரிதான். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகவும் த்ஸுதான், த்ஸும் பான்ஹோஃப். வீட்டை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்: வீட்டுக்கு, நாஹ் ஹவுஸெ. வீட்டில், த்ஸு ஹவுஸெ. எந்த விதியையும் தேடாதீர்கள்.

இனி பிளாட்பாரக் கதை. ஒரு சனிக்கிழமை காலை லிண்டாவுக்குப் போக நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் “நாஹ் லிண்டாவ்” என்று வந்தது, அடுத்து “ஃபேர்ட் ஹாய்ட்டெ” என்று என் காதில் விழுந்தது. இன்றைக்கு ஓடுகிறது, சந்தோஷம். இருபது நிமிடம் நின்ற பிறகுதான் பிளாட்பாரத்தில் நான் மட்டும் இருப்பது உறைத்தது. அறிவிப்பு ஃபேர்ட் இல்லை, ஃபெல்ட். ‘ஃபெல்ட் ஹாய்ட்டெ அவுஸ்’, இன்றைக்கு ரத்து. கடைசியில் வந்த அந்த ‘அவுஸ்’ஸை நான் காதில் வாங்கவே இல்லை.

அவுஸ்ஃபாலன் என்பது பிரியும் வினைச்சொல். தலை கழன்று வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயணச் சொற்களில் பாதி இப்படித்தான்: ஐன்ஷ்டைகன் ஏறுவது, அவுஸ்ஷ்டைகன் இறங்குவது, உம்ஷ்டைகன் மாறி ஏறுவது, அப்ஃபாரன் கிளம்புவது, அன்கொமன் வந்து சேர்வது. ‘இஹ் ஷ்டைகெ இன் உல்ம்’ என்பதுவரை கேட்டால் ஏறுகிறாரா இறங்குகிறாரா தெரியாது, ‘உம்’ என்று முடித்தால்தான் தெரியும். தமிழ்க் காதுக்கு இது பழகியதுதான். நம்மிடமும் ‘போகிறேன்’, ‘போகவில்லை’ இரண்டும் கடைசியில்தானே பிரிகின்றன? தமிழ் கேட்கும் காதோடு கேளுங்கள், ஆங்கிலம் கேட்கும் காதோடு கேட்டால் என்னை மாதிரி நிற்க வேண்டியதுதான்.

இவற்றில் வேற்றுமையும் கவனம். ஏறும்போது இன் டேன் த்ஸூக், அக்குஸாட்டிஃப். இறங்கும்போது அவுஸ் டேம் த்ஸூக், டாட்டிஃப். இரைச்சலில் டேன், டேம் வித்தியாசம் யாருக்கும் கேட்காது, அந்த மட்டும் ஆறுதல். அன்கொமன் மட்டும் ஏமாற்றும். ‘ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன்’ என்று நாம் ‘கு’ போடுவோம். அவர்களுக்கு சேர்ந்தபின் அசைவு இல்லை, ஆகவே டாட்டிஃப், ‘அம் பான்ஹோஃப்’. கெனிட்டிஃபுக்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. ‘வேகன் ஐனர் ஸிக்னால்ஷ்டூருங்’, சிக்னல் கோளாறு காரணமாக, என்பது புரிந்தால் ரயில் பயணிக்குப் போதும். அதுவோ அடிக்கடி காதில் விழும்.

திரும்பி வந்து பயணத்தைச் சொல்ல இறந்தகாலம் வேண்டும். துணைவினை ஹாபனா ஸைனா என்பதற்குப் பள்ளித் தமிழ் உதவும். ‘எதை’ என்று கேட்டால் பதில் வருகிற வினை என்றால் ஹாபன்: ‘இஹ் ஹாபெ டேன் த்ஸூக் ஃபெர்பாஸ்ட்’, ரயிலைத் தவறவிட்டேன். பதில் வராமல் இடம் மட்டும் மாறினால் ஸைன்: பின் கெஃபாரன் (போனேன்), பின் கெஃப்லோகன் (பறந்தேன்), பின் உம்கெஷ்டீகன் (மாறி ஏறினேன்). உம்முக்கும் ஷ்டீகனுக்கும் நடுவே ‘கெ’ நுழைந்திருப்பதைப் பாருங்கள். எதுவும் அசையாத காத்திருப்புக்கும் இரவு தங்கலுக்கும் ஹாபன். ப்லைபன், அதாவது இருந்துவிடுவது, அசையாமலே ஸைன் வாங்கிக்கொள்ளும், பின் கெப்லீபன்.

பயிற்சிக்கு நான் இன்றும் செய்வது ஒன்றுதான். திரும்பும் ரயிலில் டிக்கெட்டோ பில்லோ எதையாவது எடுத்து அதன் பின்பக்கம் மூன்று வரி: எங்கே போனேன், எங்கே இருந்தேன், எங்கிருந்து வருகிறேன். மறுநாள் மதிய இடைவேளையில் வார்டுத் தோழி ஒருத்தி பென்சிலால் திருத்துவாள். போன ஞாயிறு எழுதியது கஃபே பில் ஒன்றின் பின்னால் இருக்கிறது. முதல் இரண்டு வரியும் சுத்தம். மூன்றாவதில் ‘அவுஸ் டீ ஷ்வைத்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். டீயை அடித்து, மேலே டேர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படகும் வரைந்து கொடுத்திருக்கிறாள்.