720720: ஒரு பெரிய எண்ணைப் படிப்படியாகப் பிரித்தறிதல்

ஆறிலக்க எண்ணைக் கண்டதும் 2, 3, 5 என்று வரிசையாக வகுக்கத் தொடங்குவதே பலரின் வழக்கம். அதற்கு முன் எண்ணின் தோற்றத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். 720720இல் 720 இருமுறை அடுத்தடுத்து நிற்கிறது. அதாவது 720 ஆயிரங்களும் மேலும் ஒரு 720உம் சேர்ந்ததே இந்த எண் என்பதால், இதை 720 × 1001 என்று உடனே எழுதிவிடலாம்.

இரண்டாம் படி, பகாக் காரணிகளைக் காண்பது. 720 என்பது 2⁴ × 3² × 5. 1001ஐ 7ஆல் வகுத்தால் 143 வரும். 143 என்பது 11 × 13. (எந்த மூவிலக்க எண்ணை இருமுறை சேர்த்து எழுதினாலும் அது 7, 11, 13 மூன்றாலும் வகுபடுவதற்கு இதுவே காரணம்.) ஆகவே,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இந்த வரியைத் தாளின் தலைப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படியான வகுத்திகளின் (எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களின்) எண்ணிக்கையில் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் காரணத்தைக் கைவிடுகிறார்கள். எனக்கோ காரணம்தான் முக்கியம். ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 2ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம்; ஆக ஐந்து வழிகள். 3க்கு மூன்று வழிகள், மற்ற நான்கு பகா எண்களுக்கும் தலா இரண்டு வழிகள். எடுத்துக்காட்டாக, 2ஐ மூன்று முறையும் 3ஐயும் 7ஐயும் தலா ஒருமுறையும் எடுத்தால் 168 கிடைக்கிறது. எடுக்காமல் விட்ட காரணிகளின் பெருக்கல் 4290 அதன் இணை. மொத்தம் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 வகுத்திகள், அதாவது 120 இணைகள். அவற்றுள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்பவை 840உம் 858உம் ஆகும். 849²இலிருந்து 9²ஐக் கழித்தாலும் 720720 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் அதே வரி போதும்: (1+2+4+8+16)(1+3+9)(1+5)(1+7)(1+11)(1+13) = 32,49,792. இது மூல எண்ணின் நான்கரை மடங்கைவிடச் சற்று அதிகம்.

1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. 16க்குத் தேவையான 2⁴உம் 9க்குத் தேவையான 3²உம் உள்ளன. எதுவும் மிகையாக இல்லை. 17ஆல் வகுத்தால் மட்டும் 5 மீதி வரும்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகளைக் கொண்ட எண்களை இராமானுசன் 1915இல் வெளியான தமது கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். 720720 அவற்றுள் ஒன்று. இதை 17ஆல் பெருக்கினால் வகுத்திகள் 480 ஆகின்றன. ஆனால் கிடைக்கும் 1,22,52,240 அந்த வரிசையில் இடம்பெறாது. ஏனெனில் 17க்குப் பதிலாக 15ஆல் பெருக்கினால் 3உம் 5உம் ஓர் அடுக்கு உயர்ந்து, 1,08,10,800 என்னும் சிறிய எண்ணிலேயே 5 × 4 × 3 × 2 × 2 × 2 = 480 வகுத்திகள் கிடைத்துவிடுகின்றன.