ஏற்காட்டில் குளிர்ந்தால் பூமி சூடாகவில்லையா?

ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது (காபி விளையும் ஊரில் டீதான்) ஒரு வாக்குவாதம். "ஜனவரியில பல்லு கிட்டிக்குது, இதுல வெப்பமயமாதலாம்!" என்றார் ஒருவர். "பூ மழை தப்பினதே அதனாலதாண்ணே" என்றார் காபித் தோட்டக்காரர். இருவரும் செய்தது ஒரே தவறு: ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியது. பிப்ரவரி, மார்ச்சில் மழை விழுந்தால்தான் காபி மொட்டு விரியும். அந்த மழை ஓராண்டு ஏமாற்றுவது தாத்தா காலத்திலும் உண்டு. பருவநிலை என்பது சுமார் 30 ஆண்டுக் கணக்கு.

இன்னொரு தவறு, 'விஞ்ஞானிகளுக்கே உறுதியில்லை' என்பதை 'ஒன்றுமே தெரியாது' என்று எடுத்துக்கொள்வது. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும்? 1979-இல் அமெரிக்காவின் சார்னி விஞ்ஞானிகள் குழு 1.5 முதல் 4.5 வரை என்றது. 2021-இல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. நாற்பது வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா என்று கேட்கலாம். மேகம்தான் படுத்துகிறது: தாழ்வான மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயரத்து மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனாலும் இரண்டு கணக்கிலும் பூஜ்யம் இல்லை. 'உறுதியில்லை' என்பவர்கள் ஏனோ 2.5 பக்கமே சாய்கிறார்கள். 4-ம் அதே கணக்கில்தான் இருக்கிறது.

மறுதரப்பின் பிடிவாதமும் லேசுப்பட்டதல்ல. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகலாம் என்று 2007 ஐ.பி.சி.சி. அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பனியாறு ஆய்வாளர் வி.கே. ரெய்னா 2009-இல் மாறுபட்ட அறிக்கை தந்தபோது, ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதைப் பில்லிசூனிய அறிவியல் என்று எள்ளினார். 2010 ஜனவரியில் அந்த வரி தவறு என்று ஐ.பி.சி.சி.யே ஒப்புக்கொண்டது. பனி உருகுவது நிஜம், தேதிதான் பொய். வரியில் வந்த பிழையைவிட அந்த எள்ளல்தான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே உறுதி காட்டுவதும் கூடாது. பூமி சூடாவதற்கு மனிதர்களே காரணம் என்பதில் ஐயமில்லை. 2050-இல் மேட்டூர் 120 அடி தொடுமா என்று கேட்டால் எந்தக் கணினி மாதிரியும் சொல்லாது.

கிளம்பும்போது தோட்டக்காரரிடம் பழைய மழைக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். "அப்பா காலத்துலேர்ந்து நோட்டு இருக்குண்ணே. கூட்டித்தான் பார்க்கல."